மலைக்கு நாள் பார்த்தல்

அக்கராயனில் ஆக உயரமான இடம் குளக்கட்டு. அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் பனையில்தான் ஏற வேண்டும். வன்னியில் மலை என்று பெயர் வைத்த இடங்கள் இல்லாமலில்லை. குருந்தூர்மலை இருக்கிறது, வெடுக்குநாறிமலை இருக்கிறது. இரண்டும் பாறைக் குன்றுகள். இரண்டும் நீதிமன்றம் வரை போனவை. ஆகவே மலையில் சைக்கிள் ஓடிப் பழக நினைத்த நான், 2024 மார்கழியில் மழை விட்ட பின்னேரங்களிலெல்லாம் குளக்கட்டின் சரிவில் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தேன். குளத்தில் தண்ணி எவ்வளவு ஏறியிருக்கிறதென்று பார்க்க வந்த சனம் என்னையும் பார்த்துவிட்டுப் போனது.

"சைக்கிளில மலைநாட்டுக்கோ? என்னத்தைக் கட்டிக்கொண்டு போய் விக்கப் போறாய்?" என்று கேட்டார் பக்கத்து வயல்காரர்.

நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் சைக்கிளில் தூரம் போகிறவன் கரியரில் ஏதாவது கட்டிக்கொண்டுதான் போவான். விறகு போகும், மீன் பெட்டி போகும், வாழைக்குலை போகும். தொண்ணூறுகளில் பெற்றோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். ஊரோடு நீண்ட தூரம் சைக்கிள் உருட்டிக்கொண்டு போனது 2008 இடப்பெயர்வில். அரிசி, தகரம், கோழிக்கூடு, நடக்க ஏலாத கிழவர் எல்லாம் கரியரில் ஏறின. எங்கள் வீட்டிலிருந்து போன மூன்று சைக்கிளில் ஒன்றும் திரும்பி வரவில்லை. சைக்கிளும் விடுமுறையும் ஒரே வசனத்தில் வருவது இங்கே புதுப்பழக்கம்.

அந்தப் பழக்கத்தைத் தொற்ற வைத்தவன் பேர்னில் இருக்கிற என் மச்சான். சுவிஸ் போய் இருபது வருஷம். அங்கே அவனுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்துவிட்டது. 2,106 மீற்றர் உயரத்தில் இருக்கிற கோதார்ட் கணவாயில் ஏறி நின்று படம் அனுப்புவான். அந்தப் பாதை பனிக்காலம் முழுக்க மூடிக்கிடக்கும், கோடையில்தான் திறப்பார்கள். அதனால் அவனுக்கு மலைச் சைக்கிள் என்றால் ஜூலை, ஓகஸ்ட் மாதங்கள்தான். லீவும் அப்போதுதான்; நல்லூர்த் திருவிழாவும் அப்போதுதான். "ஆடியில வாறன், நுவரெலியாவுக்கு ஏறுவம்" என்று ஒரே பிடியாக நின்றான்.

ஆடியில் நுவரெலியாவா? அங்கே பனி இல்லை, உண்மை. ஆனால் பாதையைப் பூட்டுகிறது பனி மட்டும்தானா? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகள் அந்தக் காற்றுக்கு நெஞ்சைக் காட்டி நிற்பவை. வாரக்கணக்கில் தூறும், மூடும். அந்த மூட்டத்துக்குள் பின்னுக்கு வருகிற பஸ்காரனுக்கு உன்னைத் தெரியாது என்று சொன்னேன். போதாததற்கு, வன்னியிலிருந்து தெற்கே போகிறவனுக்கு ஆடியில் முகத்திலேயே சோளகம் அடிக்கும். வெறும் தட்டை வீதியிலேயே மலை ஏறுகிற பாடு படலாம்.

"அப்ப எப்பதான் போறது?" என்றான்.

அங்கேதான் தொடங்கியது நாள் பார்க்கிற வேலை. கலியாணத்துக்கு நாள் பார்ப்பது இதைவிடச் சுகம்.

வானிலைத் திணைக்களம் வருஷத்தை நாலாகப் பிரிக்கிறது: மார்ச்சும் ஏப்ரலும் முதல் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல், ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ். இதில் ஒக்டோபர், நவம்பரை யோசிக்காமலே வெட்டிவிட்டேன். அந்த மாதங்களில் இடியும் பெருமழையும் தீவு முழுக்க. மண் ஊறிக் கனத்துப் போயிருக்கும். கொஸ்லந்தையில் மீரியபெத்தத் தோட்டத்து லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். நாங்கள் போய்வந்த 2025இல், நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் வந்து கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளைப் பக்கத்துச் சரிவுகளை எப்படி இறக்கியது என்பதைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை. அந்தப் பருவத்தில் மலைக்குப் போகிறவன் உல்லாசமாகப் போகக்கூடாது, உதவிக்குப் போகலாம்.

மீதி மாதங்களில் எது? எனக்கு ஒரு பதில் கிடைத்தது கடதாசியில் அல்ல, முன்வீட்டு வாசலில்.

முன்வீட்டில் இருப்பவர் அம்மாயி. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, எழுபத்தேழு கலவரத்தோடு குடும்பமாக லொறி ஏறி வவுனியாவுக்கு வந்து, பிறகு அக்கராயனுக்கு வந்தவர். இங்கே அப்படி வந்தவர்கள் நிறையப் பேர். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் வயலை 'மலை' என்று வாய் தவறிச் சொல்லுவார். மலையகத்தில் தேயிலைக் காணிக்கு மலை என்றுதானே பெயர்.

"மாசமெல்லாம் பாக்காத தம்பி. கொழுந்து எப்ப நல்ல வெலைக்குப் போகுதுன்னு பாரு" என்றார்.

முதலில் விளங்கவில்லை. பிறகு யோசிக்க யோசிக்க, சைக்கிள்காரனுக்கு இதைவிடச் சுருக்கமான பஞ்சாங்கம் கிடையாது என்று தெரிந்தது. தேயிலைக்கு மணமும் சுவையும் கூடுவது அந்தப் பக்கம் வறண்டு, காற்று உலர்ந்து, இரவு குளிர்ந்து, கொழுந்து மெதுவாக வளரும் காலத்தில். அட்டன், தலவாக்கலையைச் சேர்ந்த திம்புளைத் தேயிலைக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையைச் சேர்ந்த ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. கொழும்பு ஏலத்தில் எந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல விலை விழுகிறதோ, அந்தப் பக்கத்து வீதி அப்போது காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

ஏன் அப்படி என்றால், காற்று ஒன்று, மலைக்குப் பக்கம் இரண்டு. தென்மேல் காற்று தன் மழையை நுவரெலியாப் பக்கத்தில் கொட்டிவிட்டு, முதுகைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது வெறுங்கையாக, சூடாக இறங்குகிறது. மட்டக்களப்பு வரைக்கும் போய்க் கச்சான் என்று பெயர் வாங்குவதும் அதுதான். இதை மச்சானுக்குச் சொன்னபோது துள்ளினான். "இது எங்கட ஃபோன் காற்றெல்லோ!" அல்ப்ஸ் மலையிலும் அதே கதையாம். தெற்குப் பக்கத்தில் மழையை விட்டுவிட்டு வடக்கே இறங்குகிற சூட்டுக் காற்று. அது வீசினால் அங்கே பாதிப் பேருக்குத் தலையிடி என்பார்கள். சுவிஸுக்குப் போய் இருபது வருஷத்தில் அவன் முதல் தடவையாக அந்த நாட்டுக் காற்று ஒன்றை எங்கள் காற்றோடு சொந்தம் கொண்டாடினான்.

ஆகவே அவன் ஆடியில்தான் வருவதென்றால் நுவரெலியாவை விட்டு அப்புத்தளைக்குப் போக வேண்டும். மேற்குச் சரிவுதான் வேண்டுமென்றால் தை, மாசியில் வர வேண்டும். சிவனொளிபாதமலைப் பக்கம் தை மாசியில் காய்ந்திருக்கும்தான். ஆனால் மார்கழிப் பூரணையிலிருந்து வெசாக் வரை யாத்திரைக் காலம், இரவிரவாக வான்கள் ஓடும். சித்திரையில் நுவரெலியாவுக்குப் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். முழுக் கொழும்பும் அங்கேதான் நிற்கும்.

எனக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. கமக்காரனுக்கு லீவு எழுதிக் கொடுப்பது வயல். காலபோக நெல் தைக் கடைசியிலிருந்து மாசிக்குள் வெட்ட வேண்டும். அது முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணி திறக்கும் வரைக்கும் எனக்கு இடைவெளி. மச்சான் தேடித் தேடி, பேர்ன் பள்ளிக்கூடங்களுக்குப் பெப்ரவரியில் ஒரு வாரம் பனிச்சறுக்கு விடுமுறை இருப்பதைக் கண்டுபிடித்தான். பிள்ளைகளையும் மனைவியையும் பனிக்கு அனுப்பிவிட்டு இவன் எங்களிடம் வருவதாக ஏற்பாடு. அங்கே என்ன சண்டை நடந்ததோ தெரியாது; நான் கேட்கவில்லை.

கிடைத்தது ஒரு வாரம். ஒரு வாரத்தில் அக்கராயனிலிருந்து மிதித்துப் போய்த் தொடக்கூடிய மலை ஒன்றுதான். ஏ9 வழியாக நேரே தெற்கே மாத்தளை, அங்கிருந்து கிழக்கே திரும்பி இரத்தோட்டை, அதற்கு மேலே நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவஸ்டன். அம்மாயியின் மலை. ஆனால் தேயிலைப் பஞ்சாங்கம் அந்த இடத்துக்குச் சரிவராது. நக்கிள்ஸ் இரண்டு காற்றுக்கும் நடுவில் நிற்கிறது. தென்மேலும் அதற்கு மழை கொடுக்கும், வடகீழும் கொடுக்கும். பெப்ரவரி முதல் பாதியில் வடகீழின் வால் அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். மாசிக் கடைசி என்றால் நான் துணிந்து போவேன். மச்சானின் லீவோ மாசி பிறப்பதற்கு முன்னமே வந்துவிடுகிறது. தெரிந்துகொண்டேதான் போனோம். நாள் பார்ப்பது வேறு, நாள் கிடைப்பது வேறு.

*

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். முதல்நாள்தான் வெட்டு மெஷின் என் கடைசி வயலை முடித்திருந்தது. நெல்லைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மச்சானின் சைக்கிள் பெட்டியில் வந்தது. டிஸ்க் பிறேக், பின்னுக்குச் சாப்பாட்டுத் தட்டளவு பல்லுச்சில்லு. என்னுடையது கிளிநொச்சியில் வாங்கிய பழைய யப்பான் கியர் சைக்கிள். ஆறு கியர். அதில் நாலு வேலை செய்யும். உருக்கு விளிம்பு, றப்பர்க் கட்டைப் பிறேக். "இதோட மலை இறங்கப் போறியோ?" என்று கேட்டான். ஏறுவதைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இறங்குவதைப் பற்றி யோசித்தவன் அவன். மலைநாட்டில் இருந்தவனுக்கும் தட்டை நிலத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்வியிலேயே இருந்தது.

முறிகண்டி வரைக்கும் கிழக்கே போக வேண்டும், வாடை முகத்துக்கு நேரே. ஏ9இல் ஏறித் தெற்கே திரும்பியதும் அதே காற்று இடது தோளுக்குப் பின்னால் போய்விட்டது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல. காற்றைப் பார்த்து மாதம் தெரிந்ததற்கு முதல் கூலி அங்கே கிடைத்தது. அதற்கு முன்பு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டோம். முறிகண்டியில் நின்று கச்சான் வாங்காமல் போன வாகனம் கிடையாது. கடலைக்கும் காற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். கச்சானுக்கு முன்னாலே கச்சானைக் கொறித்தபடி போகிறோம் என்று மச்சான் ஒரு பகிடி விட்டான். பாதி வழிவரை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அந்த மாதத்து ஏ9க்கு இன்னொரு கரை இருக்கிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மாங்குளம் தாண்டியும் பல இடங்களில், நெல் காயப்போட்டிருப்பார்கள். படங்கு விரிப்பில் பொன்னிறமாக ஒரு பாய். கரையோரம் ஓடவேண்டிய சைக்கிள்காரன் நெல்லுக்கு வழிவிட்டு லொறிப் பக்கம் போக வேண்டும். மச்சான் முதல் தடவை நெல்லின் மேலேயே ஏற்றிவிட்டான். வரம்பிலிருந்து ஒரு அம்மா போட்ட சத்தத்தை இங்கே எழுத ஏலாது. "மன்னியுங்கோ அக்கா" என்று நான் கைகாட்ட, "அக்காவோ? கமக்காரன் மாதிரிக் கதைக்காத, நெல்லில ஏறிக்கொண்டு!" என்றார். நான் கமக்காரன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று வவுனியாவுக்குள் நுழையும்போது ஊர் ஒருமாதிரி அடங்கிக் கிடந்தது. கடைகளில் மின்விசிறி இல்லை, குளிர்பானம் சூடு. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் முழு நாட்டுக்கும் மின்சாரம் போனதென்று தேநீர்க்கடையில் சொன்னார்கள். பகிடி என்றே நினைத்தோம். பின்னேரம் அமைச்சரே அதைச் சொல்லியிருந்தார். மச்சானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குத் தொண்ணூறுகளின் டைனமோ ஞாபகம் வந்தது. சைக்கிள் ஒன்று கையில் இருந்தால் குரங்கு ஏறினாலும் செய்தி கேட்கலாம்.

*

மதவாச்சியில் வலப்பக்கமிருந்து மன்னார் வீதி வந்து ஏ9இல் சேர்கிறது. அந்தச் சந்தியில் நின்று பிளேன்ரீ குடித்தோம். இங்கிருந்து மாத்தளை வரைக்குமான பாதைதான் கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் நடந்த பாதை. 1820களுக்குப் பிறகு தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தெற்கே மலை தெரிகிற வரைக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை. 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, ஜூலைக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டம் அதே வழியில் நடந்து ஓகஸ்டில் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாயி சொன்ன ஒரே சொல், "செருப்பு போட்டுருக்காங்க" என்பதுதான். குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

மிகிந்தலை, மரதன்கடவல, கெக்கிராவை. வெயில், குளங்கள், பாலங்கள். இந்த நூறு கிலோமீற்றரைப் பற்றி எழுத அதிகமில்லை. காற்று தள்ளியது, நாங்கள் போனோம். தம்புள்ளையில் படுத்தோம். அடுத்த நாள் நாவுல தாண்டியதும் வீதி மெதுவாகக் கிளம்பத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். காலுக்கு மட்டும் தெரிகிறது. மச்சான் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தான். நான் நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு வந்து, இரண்டாவதைத் தேடினேன். வேலை செய்யாத இரண்டில் அதுவும் ஒன்று.

அலுவிகாரைக்குக் கிட்ட மரங்கள் மாறின. மிளகுக் கொடி ஏறிய மரங்கள், கொக்கோ. காற்றில் ஈரம். உலர் வலயம் என்றால் வருஷத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை, ஈரவலயம் என்றால் 2,500க்கு மேல் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது. இரண்டுக்கும் நடுவிலிருக்கிற நிலத்தைச் சைக்கிளில் கடந்தால்தான் அந்தப் பாடம் மூக்கால் ஏறுகிறது. காலையில் புழுதி மணத்தோடு புறப்பட்டவர்கள் மத்தியானம் பாசி மணத்துக்குள் நுழைந்தோம்.

மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்த அன்று தைப்பூசம். முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நடந்து வந்தவர்கள் மலைக்குள் நுழையுமுன் கும்பிட்ட வாசல் இது. 1983இல் எரிக்கப்பட்டுத் திரும்பி எழுந்த கோயில். பெரிய தேர்த்திருவிழா மாசிமகத்துக்குத்தான். ஒரு மாதம் முந்திவிட்டோம். "அதுக்கும் நாள் பிழைச்சுப்போச்சு" என்றான் மச்சான். எங்கள் இரண்டு பேரின் தலைக்கவசத்தையும் இறுக்கமான காற்சட்டையையும் பார்த்த பூசகர், திருநீறு தரும்போது மட்டும் ஒரு கணம் தாமதித்தார்.

*

நாங்கள் விட்ட உண்மையான பிழை அடுத்த நாள் தெரிந்தது. பெப்ரவரி 12, நவம் போயா. காற்றைப் பார்த்தோம், மழையைப் பார்த்தோம், நெல்லைப் பார்த்தோம், பேர்ன் பள்ளிக்கூடத்தைக்கூடப் பார்த்தோம். போயாவைப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் பூரணைக்கு விடுமுறை, விடுமுறைக்கு மலை. விடிய ஆறு மணிக்கே இரத்தோட்டைச் சந்தியில் வான்கள், முச்சக்கரவண்டிகள், மோட்டார்சைக்கிள் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு.

ஒரு நல்ல அடையாளமும் ஒரு கெட்ட அடையாளமும் சேர்ந்தே தெரிந்தன. மலை முழுசாகத் தெரிந்தது. பள்ளம், மேடு, மரம், கோபுரம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் துடைத்து வைத்ததுபோல. மச்சான் படம் எடுத்துத் தள்ளினான். எனக்கு அம்மாயி சொன்னது காதில் கேட்டது. "காலைல எதுத்த மலை கண்ணாடி மாதிரி கிட்டக்கத் தெரிஞ்சா, மத்தியானத்துக்குள்ள மழை. படங்கை இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் மலைக்குப் போவோம்."

மாத்தளை ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரிவஸ்டன் கோபுரம் நிற்கிற உச்சி 1,400 மீற்றருக்கு மேலே. நடுவில் முப்பது கிலோமீற்றர் அளவில் வளைந்து வளைந்து போகிற வீதி. ஏறினேன் என்று எழுத ஆசை. பாதியைத்தான் ஏறினேன். மீதியை உருட்டினேன். உருட்டிப் பழகிய ஊர்க்காரன் என்பதால் அதில் வெட்கம் வரவில்லை; மச்சான் ஏறிப்போய் வளைவில் காத்திருப்பான், நான் உருட்டி வந்து சேர்வேன், இரண்டு பேருக்கும் நேரம் பெரிதாக வித்தியாசமில்லை. ஒரு வளைவில் றொட்டிக் கடை. கடைக்கார ஐயா எங்கிருந்து என்று சிங்களத்தில் கேட்டார். கிளிநொச்சி என்றேன். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிளேன்ரீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மச்சான் பேர்ன் என்று சொன்னதும் அவனிடம் மட்டும் வாங்கினார்.

மேலே போகப் போகத் தேயிலை குறைந்து பைனஸ் மரங்கள் வந்தன, பிறகு காட்டு மரங்கள். இந்தக் காட்டின் நிழலில்தான் ஒரு காலத்தில் ஏலம் செழித்தது. 2000இல் இது பாதுகாக்கப்பட்ட வனமானது, 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலுக்கும் போனது. காட்டுக்குள் இறங்கி ஏலம் பறிக்க இனி ஏலாது. சைக்கிளையும் வீதியை விட்டு இறக்கக்கூடாது. மச்சானுக்கு அது ஏமாற்றம். அல்ப்ஸில் ஆட்டுப் பாதையிலெல்லாம் ஓடிப் பழகியவன். "வீதியே போதும்" என்றேன். எனக்கு அதுவே கூட.

பதினொரு மணிக்கு, கடைசி வளைவுகளுக்கு முன்னால், மேகம் இறங்கியது. மேகம் இறங்கும் என்று அம்மாயி சொல்வது சும்மா இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. மேலிருந்து ஒரு வெள்ளைச் சேலை அவிழ்ந்து விழுவதுபோல வீதியின் மேல் விழுந்தது. முதலில் கோபுரம் போனது, பிறகு மரங்கள், பிறகு பத்து அடி முன்னால் நின்ற மச்சான். காற்று ஒரு பக்கமிருந்து மட்டும் அடிக்கவில்லை. பிடரியில் அடித்தது, திரும்பி முகத்தில் அடித்தது. தூறல் கிடைகிடையாக வந்தது. நல்ல வெயில் நாளில் அங்கிருந்து பிட்டவலப் பத்தனைப் புல்வெளிக்கும் இலுக்கும்புரவுக்கும் இறங்குவதாகத்தான் திட்டம். வான்களில் வந்த கூட்டம் மேகத்துக்குள்ளேயே நின்று பாடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மேகமே போதுமாக இருந்தது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் ஒரு மணித்தியாலம் தகரக் கூரையின் கீழ் நின்றுவிட்டுத் திரும்பினோம். ரிவஸ்டனிலிருந்து என்ன தெரிந்தது என்று கேட்டால், என் முன்சில்லு தெரிந்தது.

இறக்கத்தில்தான் மச்சானின் முதல்நாள் கேள்விக்குப் பதில் வந்தது. நனைந்த உருக்கு விளிம்பில் றப்பர்க் கட்டை வழுக்கும். பிறேக்கை முழுசாக அமத்துகிறேன், சைக்கிள் ஒன்றும் நடக்காததுபோலப் போய்க்கொண்டிருக்கிறது. வளைவு வருகிறது. அப்போது கைக்கு வந்தது, இல்லை, காலுக்கு வந்தது பழைய வன்னி வித்தை. வலது காலைப் பெடலிலிருந்து எடுத்து, முன்னால் நீட்டி, செருப்பின் அடியை முன்ரயரில் வைத்து அமத்தினேன். சின்ன வயதில் பிறேக் இல்லாத சைக்கிளில் நாங்கள் எல்லோரும் நின்றது அப்படித்தான். கீச்சென்று ஒரு சத்தம், கருகிய றப்பர் மணம், வேகம் குறைந்தது. மதகுக் கட்டில் காலை ஊன்றி நின்றேன். பின்னால் வந்த மச்சான் டிஸ்க் பிறேக்கைப் பிடித்துச் சத்தமில்லாமல் நின்று, "இன்னொருக்கா செய்து காட்டு, வீடியோ எடுப்பம்" என்றான். அவனிடம் சொன்னதையும் இங்கே எழுத ஏலாது.

செங்குத்தான துண்டுகளை அதற்குப் பிறகு உருட்டித்தான் இறங்கினேன். ஏறவும் உருட்டி, இறங்கவும் உருட்டிய ஒரு மலைச் சைக்கிள் விடுமுறை. மழை ஒரு மணிக்கு விட்டது. இரத்தோட்டையில் நின்று திரும்பிப் பார்த்தபோது மலை மறுபடியும் துடைத்து வைத்ததுபோல நின்றது.

*

அடுத்த நாள் மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரை ஓடி வந்தோம். அங்கிருந்து வடக்கே அதே வாடை முகத்துக்கு அடிக்கும் என்பதால் திரும்பி மிதிக்கிற எண்ணம் எங்களுக்கு முதலே இல்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வன்னியிலிருந்து பூசணியும் பப்பாசியும் கொண்டுவந்த லொறிகள் திரும்பும்போது மலைநாட்டுக் கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஏற்றிக்கொண்டு போகும். கிளிநொச்சி இலக்கத்தோடு நின்ற ஒன்றில் பேசி, லீக்ஸ் கட்டுகளுக்கு மேலே இரண்டு சைக்கிளையும் படுக்க வைத்தோம். மச்சானின் சைக்கிளுக்குக் கீழே சாரதி தன் சாரம் ஒன்றை மடித்து வைத்தார். என்னுடையதற்கு வைக்கவில்லை.

மாங்குளம் தாண்டும்போது மச்சான் அரைத் தூக்கத்தில் கேட்டான். "ஆடியில வந்தால், அப்புத்தளை காய்ஞ்சிருக்கும் எண்டுதானே சொன்னனீ?"

"காய்ஞ்சிருக்கும். காத்து ஆளைத் தூக்கும்."

"உனக்கு எப்ப வெட்டு?"

"ஆடிக் கடைசி. தண்ணி பிந்தித் திறந்தால் ஆவணி."

அதோடு படுத்துவிட்டான்.

நாங்கள் புறப்படும்போது அம்மாயி ஒன்றுதான் கேட்டிருந்தார். ஒரு பிடி ஏலம். "கடைல வாங்காத, தோட்டத்துச் சனத்துக்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வா." மேகத்துக்குள் யாரைக் கேட்பது? மாத்தளைக் கடைத்தெருவில் வாங்கிய பொதியைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். மூக்கில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"கடை."

ஒன்றும் சொல்லாமல் நின்றேன். திண்ணையில் இருந்தபடியே குனிந்து என் காற்சட்டைக்குக் கீழே கெண்டைக்காலைப் பார்த்தார். தகரக் கூரையின் கீழ் நின்ற அந்த ஒரு மணித்தியாலத்தில் கடித்தது. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கட்டித் தந்திருந்தார்; அது பையின் அடியில் பிரிக்காமலே திரும்பி வந்தது. கடித்த இடம் மூன்று நாளாகியும் ஆறாமல் சிவந்து அரித்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வந்து பாரு. இது நம்ம ஊரு அட்டைதான்."